'பழைய கம்பெனியை ஏன் விட்டீங்க?'

அதுவரை கோர்வையாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட இந்தக் கேள்வி வந்ததும் தடுமாறுவார்கள். ஹெச்ஆர் வேலையில் இருக்கும் எனக்கு இது பழகிப்போன காட்சி. 'ஃபேமிலி சிச்சுவேஷன் மேடம்' என்று சிலர் முடித்துக்கொள்வார்கள். சிலருக்கோ மடை திறந்துவிடும். டீம் லீட் கத்தியது, லீவு கேட்டால் மிரட்டியது, ராத்திரி 11 மணிக்கு வந்த வாட்ஸாப் கால் எல்லாம் கொட்டும். அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லையே. அந்த டீம் லீடைக் கூப்பிட்டு நான் விசாரிக்கப் போவதும் இல்லை. கடைசியில் என் குறிப்பில் ஏறுவது உங்கள் கோபம்தான்.

அதனால் காரணம் பத்து இருந்தாலும், காட்டக்கூடிய ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். 'மூணு மாசமா சம்பளம் 20ஆம் தேதிக்கு மேலதான் வந்துச்சு மேடம். மெயில் போட்டும் மாறல, அதான் வந்துட்டேன்' என்றார் ஒரு தம்பி. பேங்க் ஸ்டேட்மெண்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும் விஷயம். யாரையும் திட்டவும் இல்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். எடுத்தது ஒரு வேலைக்கு, கொடுத்தது வேறு வேலை என்றாலும் இப்படியே சொல்லலாம்: 'டெஸ்டிங்னு ஆஃபர் லெட்டர் கொடுத்தாங்க, ஒரு வருஷமா டேட்டா என்ட்ரிதான் பார்த்தேன்.'

பாலியல் தொல்லையால் வெளியேறியவர்கள் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. 'அங்கே பாதுகாப்பா வேலை பார்க்க முடியல' என்றால் போதும். அதற்குமேல் தோண்டுகிறவர்களிடம் வேலைக்குச் சேர வேண்டுமா என்று நீங்கள் யோசிக்கலாம். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பெனியின் புகார் கமிட்டியில் புகார் கொடுத்திருந்தால், அதன் விவரம் ரகசியமாக இருக்க வேண்டியது.

பொய் மட்டும் வேண்டாம், மாட்டிக்கொள்வீர்கள். நாலே மாதம் இருந்த கம்பெனியை ரெஸ்யூமேயில் மறைத்தாலும், அங்கே பிஎஃப் பிடித்திருந்தால் கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்ணான யுஏஎன் கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியில் சேர்ந்த தேதியோடு அது நிற்கும். விலகிய தேதியைப் பதியாமல் இழுத்தடிக்கிற கம்பெனிகளும் உண்டு. கடைசியாக பிஎஃப் கட்டி இரண்டு மாதம் ஆனபிறகு, பிஎஃப் நிறுவனமான இபிஎஃப்ஓவின் மெம்பர் போர்ட்டலில் ஆதார் ஓடிபி வைத்து அந்தத் தேதியை நீங்களே பதியலாம். நன்றாகப் படித்தவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை.

ரிலீவிங் லெட்டர் தரவில்லையா? நாங்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ராஜினாமா மெயில், சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் சான்று) இருந்தால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். செட்டில்மெண்ட் பாக்கியை இண்டர்வியூவில் புலம்பிப் பயனில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுக்கச் சொல்கிறது. தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள்.

இன்னொன்று. 'இந்த வேலையில எனக்கு முன்னாடி இருந்தவர் ஏன் போனார்?' என்று நீங்களும் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். புரமோஷன், கல்யாணம், வெளியூர் என்று சட்டென்று பதில் வந்தால் சரி. ஹெச்ஆரும் மேனேஜரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், ஆஃபரில் கையெழுத்துப் போடுமுன் அங்கே வேலை பார்க்கிற யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.