அட்டை கையில் இருக்கிறது, பெயர் பட்டியலில் இருக்கிறதா?

"கையில அட்டை இருக்குதே வக்கீலம்மா, ஓட்டு மட்டும் எப்படி இல்லாமப் போகும்?" நான்கு ஆண்டுகளுக்கு முன் பெரவள்ளூரிலிருந்து மாதவரத்துக்கு வீடு மாறிய ஓர் அம்மா, போன வாரம் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய வாக்காளர் அட்டையை என் மேசைமேல் வைத்துக் கேட்டார். சரிபார்க்க வந்தவர்கள், பழைய வீட்டில் அவர் இல்லாததால் பெயரை நீக்கியிருக்கிறார்கள். புதிய முகவரியில் சேர்க்கும்படி அவர் விண்ணப்பிக்கவே இல்லை. இந்தக் கேள்விக்கு 2011 முதல் ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத் தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைந்தபோது, தமிழகத்தின் 234 சட்டமன்ற இடங்கள் அப்படியே இருக்க, சென்னையின் 14 தொகுதிகள் 16 ஆயின. புரசைவாக்கமும் பூங்கா நகரும் மறைந்தன. கொளத்தூரும், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட திரு.வி.க. நகரும், பக்கத்தில் மாதவரமும் பிறந்தன. ஆணை 2008-இல் வந்தாலும், அப்போதைய சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை பழைய தொகுதி உறுப்பினரே உறுப்பினர் என்பதால், ஒன்றும் மாறவில்லை என்றே பலரும் இருந்துவிட்டார்கள். புதிய எல்லைகளின்படி முதல் சட்டமன்றத் தேர்தல் 2011 ஏப்ரல் 13 அன்று வந்தது.

அன்று கொளத்தூரில் ஒரு பள்ளி வாசலில் நின்றிருந்தேன். அட்டையில் புரசைவாக்கம் என்று அச்சாகியிருந்த பெரியவர் ஒருவரை, "இது இந்தத் தொகுதி அட்டை இல்ல, செல்லாது" என்று வரிசையில் நின்றவர்களே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டியலைப் புரட்டிப் பார்த்தால் அவர் பெயர் வரிசை எண்ணோடு இருந்தது. ஆள் வைத்துத் தேடுவதற்குள் பேருந்து ஏறிப் போய்விட்டார். மு.க. ஸ்டாலினுக்கும் சைதை துரைசாமிக்கும் இடையே மூவாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் முடிந்து, உச்ச நீதிமன்றம் வரை போன தேர்தல் அது.

அந்தப் பெரியவர் அட்டையை நம்பாமல் இழந்தார், இந்த அம்மா அட்டையை மட்டும் நம்பி இழந்தார். அட்டை நீங்கள் யார் என்று காட்டும், அவ்வளவுதான். வாக்குரிமையைத் தருவது பட்டியலில் உள்ள பெயர். பெயர் இருந்தால் அட்டையில் எந்தத் தொகுதி அச்சாகியிருந்தாலும் அது அடையாளத்துக்குச் செல்லும். பெயர் இல்லையென்றால் புத்தம் புதிய அட்டையும் உதவாது.

மாநகராட்சி மண்டலத்தையும் தொகுதியையும் ஒன்றாக எண்ணாதீர்கள். திரு.வி.க. நகர் என்று ஒரு மண்டலமும் இருக்கிறது, ஒரு தொகுதியும் இருக்கிறது. இரண்டின் எல்லைகளும் வேறு. மாதவரம் 2011-இல் மாநகராட்சிக்கும் 2018-இல் சென்னை மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. ஆனால் அங்கிருப்பவர் நாடாளுமன்றத்துக்கு வாக்களிப்பது திருவள்ளூர் தொகுதியில்.

வீடு மாறினால் படிவம் 8, பெயரே இல்லையென்றால் படிவம் 6. ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் பெயர் இருக்கக் கூடாது. வேட்புமனுவின் கடைசி நாள் கடந்துவிட்டால் பட்டியலில் யாரும் கைவைக்க முடியாது; அதன் பிறகு எந்த வக்கீலிடம் ஓடினாலும் அந்தத் தேர்தல் போனது போனதுதான். விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தால் 15 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வழி உண்டு. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கெடு முடிந்த பிறகே வருகிறார்கள். வரைவுப் பட்டியல் வெளியாகும் நாட்களில் வாக்குச்சாவடிக்கு ஒரு நடை போய், வீட்டிலுள்ள அத்தனை பேரின் பெயரையும் பார்த்துவிட்டு வாருங்கள். முடியாதவர்கள் 1950 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்போடு எல்லைகள் மீண்டும் மாறலாம் என்பதால், இந்தப் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளும்படி உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த அம்மாவுக்கு அன்றே படிவம் 6 நிரப்பினோம். வீட்டு எண் என்னவென்று கேட்டபோது, முதலில் பெரவள்ளூர் எண்ணைத்தான் சொன்னார்.