ஜிட்டர்: தமிழில் ‘தாமதத் தளம்பல்’

இணையத் தொலைபேசி பூட்டிய இடங்களிலிருந்து வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். “அண்ணா, கோல் வெட்டி வெட்டிக் கேக்குது, லைன் ஸ்லோ போல.” பூட்டியவர் வந்து பார்த்து, “ஸ்லோ இல்லை, ஜிட்டர்” என்பார். கேட்டவருக்கு ஒன்றும் விளங்காது. வேகம் கூடிய பக்கேஜுக்கு மாறுவார், கோல் பழையபடி வெட்டும். பொருள் விளங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று இதற்குக் கட்டாயம் வேண்டும்.

1920களில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் பதற்றத்தையும் உதறலையும் குறித்த சொல் ஜிட்டர். குளிரில் நடுங்குவதற்கான ‘சிட்டர்’ என்ற வட்டாரச் சொல்லின் திரிபு என்பாரும் உண்டு. பிறகு மின்னணுவியலார் அதை எடுத்து, நேரம் பிசகித் துடிக்கும் சமிக்ஞைக்கு வைத்தார்கள். இணையத்தில் குரலைக் கொண்டுபோகும் ஆர்டிபி நெறிமுறை 1996இல் வந்தபோதே ஜிட்டரை அளக்கும் சூத்திரமும் அதில் இருந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2003இல் வெளியான ஆர்எஃப்சி 3550 என்ற நெறிமுறை ஆவணம்.

போன் நம் பேச்சை வழக்கமாக 20 மில்லிசெக்கன் துண்டுகளாக நறுக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு பொதியாக (பக்கெட்) இணையத்தில் போகும். செக்கனுக்கு 50 பொதிகள். எல்லாப் பொதியும் சீராக 80 மில்லிசெக்கன் பிந்தி வந்தாலும் பேச்சு தெளிவாகவே கேட்கும். ஒன்று 20, அடுத்தது 70, அதற்கடுத்தது 25 என்று பிந்தும்போதுதான் குரல் உடைகிறது. தாமதம் வேறு, தாமதம் மாறிக்கொண்டே இருப்பது வேறு. ஜிட்டர் என்பது இரண்டாவது.

‘நடுக்கம்’ என்று நேரே பெயர்த்தால் பயமும் நிலநடுக்கமும்தான் மனதில் வரும். ‘அலைவு’ பள்ளிப் பௌதிகத்தில் ஊசல் ஒழுங்காகப் போய்வருவதற்கு உரியது. ஜிட்டரில் அந்த ஒழுங்கு கிடையாது. நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் சொல் தளம்பல். விலைத் தளம்பல், நாணயமாற்று வீதத் தளம்பல் என்று பொருளியலில் படிக்கிறோம். நிறைகுடம் தளம்பாது என்று வீட்டிலும் சொல்கிறோம். திருகோணமலையில் வள்ளத்தில் கால் வைத்தவருக்குத் தளம்பலை விளக்கத் தேவையில்லை. ஆகவே, தாமதத் தளம்பல்.

இந்தப் பெயர் கண்காணிப்புக்கும் வழி காட்டும். நிலாவெளியில் ஒரு ஹோட்டல் என்று வைத்துக்கொள்வோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விருந்தினர் எல்லாரும் கடற்கரைப் படங்களை மேலேற்றுகிறார்கள். மேலேற்றும் வேகம் செக்கனுக்கு 1 மெகாபிட் என்றால் 1500 பைட் பொதி ஒன்று வெளியேற 12 மில்லிசெக்கன் ஆகும். அப்படி ஐந்து முன்னால் நின்றால் குரல் பொதி 60 மில்லிசெக்கன் காத்திருக்கும். அடுத்ததற்கு வரிசையே இருக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சராசரி எடுக்கும் வரைபடத்தில் இது தெரியவே தெரியாது, கோடு அழகாக நேராகப் போகும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஸ்மோக்பிங் மாதிரி ஒவ்வொரு முறையும் பல பிங் (போய்த் திரும்பும் சோதனைப் பொதி) அனுப்பி, அவற்றின் பரவலைப் புகையாக வரையும் கருவியை வையுங்கள். உண்மையான கோலையே பார்க்க வேண்டுமென்றால், பொதிகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருளான வயர்ஷார்க்கில் டெலிபோனி பட்டியலுக்குள் ஆர்டிபி ஓட்டங்களைத் திறந்தால் ஜிட்டருக்குத் தனி நிரலே இருக்கும். அது 30 மில்லிசெக்கனைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி வைப்பது வழக்கம்.

சரி, ‘ஜிட்டர் பஃபர்’? இரசாயனத்தில் தாங்கற் கரைசல் படித்தவர்கள் நாம். ‘தளம்பல் தாங்கி’ என்று தாராளமாகச் சொல்லலாம். முன்பின்னாக வரும் பொதிகளைக் கொஞ்சம் பிடித்துவைத்துச் சீராக விடுவது அதன் வேலை. அதையும் தாண்டிப் பிந்தி வந்த பொதியை அது வீசிவிடும். வலையமைப்பில் இழப்பே இல்லை என்று அறிக்கை சொல்லும்போதும் காதில் குரல் விடுபடுவது அதனால்தான். தாங்கியைப் பெரிதாக்கினால் தாமதம் கூடும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. ஆகவே முதலில் ரவுட்டரில் குரல் பொதிகளுக்கு முன்னுரிமை வரிசை கொடுங்கள். அப்புறம் தாங்கியில் கை வையுங்கள்.