கூண்டின் மூடிமேல் ஐந்து புழுக்கை

போன மழைக்காலத்தில் ஒரு காலை, என் வெள்ளைச் சுண்டெலிகளின் கூண்டு மூடிமேல் ஐந்து புழுக்கைகள் கிடந்தன. சீரகம் அளவு, இரு முனையும் கூர். உள்ளே இருப்பவை மூடிக்கு மேலே வர வழியே இல்லை. ராத்திரி வெளியிலிருந்து ஒன்று ஏறி, கம்பி வலைமேல் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது. கம்பி உறுதியாகத்தான் இருந்தது, எலிகளும் பத்திரமாக இருந்தன. ஆனால் மூன்று நாள் முன்புதான் ஒரு பெண் எலியை ஜோடி சேர்த்து, ஆணைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். சினைக்காலம் 19 முதல் 21 நாள். அந்த நாட்கள் தாண்டியும் குட்டி இல்லை.

இதற்கு 'புரூஸ் விளைவு' என்று பெயர். 1959இல் லண்டனில் ஹில்டா புரூஸ் என்ற விஞ்ஞானி, புதிதாக இணைசேர்ந்த பெண் எலியின் அருகே அறிமுகமில்லாத ஆணை வைத்தால் கரு தங்காமல் போவதைக் கண்டறிந்தார். அந்த ஆண் தொட வேண்டியதுகூட இல்லை, அதன் மூத்திர வாசனை போதும். இணைசேரும்போதே பெண் தன் துணையின் வாசனையை நினைவில் பதித்துக்கொள்கிறது. அப்புறம் வேறொரு ஆணின் வாசனை மூக்கின் அடியில் இத்தகைய வாசனையை உணரும் வோமரோநேசல் உறுப்பை எட்டினால், மூளை புரோலாக்டின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் குறைக்கிறது. அதனால் கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சரிகிறது, கரு கருப்பையில் ஒட்டுவதில்லை. முதல் சில நாட்களில்தான் இது நடக்கும். கரு ஒட்டிவிட்டால் ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும்.

நாம் வளர்க்கும் வெள்ளைச் சுண்டெலியும் அடுப்படிச் சுண்டெலியும் ஒரே இனம், மஸ் மஸ்குலஸ். அதனால்தான் ஒன்றின் வாசனை மற்றொன்றுக்குப் புரிகிறது, ஒன்றின் நோயும் மற்றொன்றுக்கு ஒட்டுகிறது. ஆண் சுண்டெலி நடக்கிற வழியெல்லாம் துளித்துளியாக மூத்திரம் விட்டு எல்லை குறிக்கும். மூடிமேல் ஏறியது என்றால் அந்தத் துளிகள் நேராகத் தீவனத்தில் விழும். ரோமப் பூச்சி, குடற்புழு, மனிதருக்கும் தொற்றும் எல்சிஎம் என்ற வைரஸ் எல்லாமே இப்படி உள்ளே வரலாம். இந்த வைரஸின் இயற்கையான இருப்பிடமே வீட்டுச் சுண்டெலிதான். பெரும்பாலானவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து போகும். ஆனால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளையையும் கண்ணையும் தாக்கும். 2005இல் அமெரிக்காவில், உறுப்பு தானம் தந்த ஒருவரின் வீட்டு ஹாம்ஸ்டரிடமிருந்து தொடங்கிய தொற்று, உறுப்பு பெற்ற நான்கு பேரில் மூன்று பேரின் உயிரைப் பறித்தது.

சரி, எப்படித் தடுப்பது? அரிசி மூட்டையும் எலித் தீவனமும் திறந்து கிடந்தால் எதுவும் பலிக்காது. தீவனம், படுக்கைத் தூள் இரண்டையும் இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் தூக்கிலோ டின்னிலோ வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா நிற்காது. எலியின் வெட்டுப்பல் சாகும்வரை வளரும். முன்பக்கம் கடினமான எனாமல், பின்பக்கம் மென்மை. கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் தேய்ந்து, உளி மாதிரி தானே கூராகிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஓட்டை. மண்டையோடு நுழைந்தால் சுண்டெலியின் உடம்பும் நுழைந்துவிடும், பென்சில் நுழையும் இடுக்கு அதற்குப் போதும். பாத்ரூம் குழாய் சுவருக்குள் போகும் இடம், ஏசி குழாய்த் துளை, கதவின் அடிப்பக்கம் மூன்றையும் நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய்த் துளையைச் சுற்றி கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. தினமும் உடம்பு உரசிப் போகிற வழி அப்படித்தான் கறுக்கும். வெறும் சிமெண்ட் பூசாமல், முதலில் கம்பி நாரைத் திணித்து அதன்மேல் பூசினேன்.

கூண்டைச் சுவரோரம் வைக்காதீர்கள். சுண்டெலி மீசை சுவரில் உரச ஓடுகிற பிராணி, நடுத்தரையைக் கடக்கத் தயங்கும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, வழவழப்பான இரும்புக் கால் உள்ள ஸ்டாண்டில் வைத்தால் ஏறுவது கடினம். எறும்புக்குச் செய்வதுபோலக் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துப் பயனில்லை, சுண்டெலி நன்றாக நீந்தும். பக்கமெல்லாம் கண்ணாடி, மேலே 6 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள இரும்பு வலை என்றால் நல்லது. அந்த வலைக்கு ஒரு சாண் மேலே தகரக் கூரை மாதிரி ஒன்று கட்டினேன். காற்று போகும், துளி விழாது.

அல்ட்ராசோனிக் கருவி வாங்க வேண்டாம். நம் காதுக்கு எட்டாத அந்தச் சத்தம் கூண்டிலிருக்கும் எலிக்கு நன்றாகவே கேட்கும். வெளியே இருப்பது ஓடினாலும் சில நாளில் பழகித் திரும்பிவிடும், உள்ளே இருப்பது எங்கே ஓடும்? விஷமும் கூடாது. ரத்தம் உறையாமல் செய்யும் விஷம் கொல்லச் சில நாளாகும், அதுவரை அந்த எலி வீட்டுக்குள்தான் திரியும். பழைய எலிப்பொறியில் மசால் வடைத் துண்டு செருகி, கூண்டு இல்லாத அறையில் சுவரோரம் வைப்பதே போதும். பொறியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கூண்டுப் பக்கம் போகக் கூடாது.

புழுக்கையைக் கண்டால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசியோடு வைரஸும் மூச்சில் ஏறும். கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் எடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையையும் கூண்டு கழுவுவதையும் வேறு யாராவது செய்யட்டும்.