காற்றின் இரைச்சலும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் காதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் வாசகர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "வீடு திரும்பிய பிறகும் வெகுநேரம் காதுக்குள் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சைலன்சரை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. விலை உயர்ந்த ஹெல்மெட் வாங்கினால் சரியாகுமா?"

சைலன்சரால் பயன் கிடைக்காததில் வியப்பில்லை. மணிக்கு 60, 70 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் ஓட்டுபவரின் காதை எட்டும் ஒலியில் பெரும்பங்கு காற்றினால் எழுவது. எஞ்சினின் பங்கு அதற்குள் அமுங்கிவிடுகிறது. இவ்விரு ஊர்களுக்கும் இடையிலான N3 நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் 120 கிலோமீட்டர் வேகத்தில், முகத்தை முழுவதும் மூடும் ஹெல்மெட்டுக்குள்ளும் இரைச்சல் 100 டெசிபல் அளவை எட்டக்கூடும்.

சீராக ஓடும் காற்று எந்த ஒலியையும் எழுப்புவதில்லை. அதன் வழியில் ஒரு பொருள் குறுக்கிடும்போது, காற்று அதன் பரப்பை ஒட்டி வளைந்து செல்ல முயன்று, ஓரிடத்தில் பிடியை இழந்து பிரிந்து, பொருளின் பின்னே இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழல்களை உதிர்க்கிறது. இடமொன்று வலமொன்றாக ஓர் இணைச் சுழல்கள் உதிரும்போதெல்லாம் பரப்பின் மீதுள்ள அழுத்தம் ஒருமுறை ஏறி இறங்குகிறது. அழுத்தத்தின் இந்த ஏற்ற இறக்கமே ஒலி. காற்றில் அதிரும் கம்பிகளின் ஒலியை ஆராய்ந்த செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால் 1878இல் கண்ட உறவு மிக எளிமையானது: காற்றின் வேகத்தைப் பொருளின் அகலத்தால் வகுத்து, ஏறத்தாழ 0.2ஆல் பெருக்கினால், நொடிக்கு எத்தனை சுழல் இணைகள் உதிர்கின்றன என்பது கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கை ஹெல்மெட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 33 மீட்டர். ஹெல்மெட்டின் அகலத்தைக் கால் மீட்டர் எனக் கொண்டால் விடை ஏறத்தாழ 26 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 26 அதிர்வுகள். மனிதச் செவியின் கீழ் எல்லையை ஒட்டிய இந்த அதிர்வை நாம் ஒலியாகக் கேட்பதைவிடத் தலையைப் பிடித்து உலுக்குவதாகவே உணர்கிறோம். அதே காற்று ஹெல்மெட்டின் ஓரத்தில் 5 மில்லிமீட்டர் துருத்தியிருக்கும் ஒரு விளிம்பைக் கடக்கும்போது விடை 1300 ஹெர்ட்ஸைத் தாண்டுகிறது, அது சீழ்க்கை. இவ்விரண்டுக்கும் இடையில், முகவாய்க்குக் கீழுள்ள இடைவெளி, கழுத்தோரம், காற்றுத் துளைகள் என ஒவ்வொன்றும் தன் அளவுக்கேற்ற சுழல்களை உதிர்க்க, அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே பேரிரைச்சலாகின்றன. ஓட்டுபவரின் காதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பொருளின் அளவும் அந்த இரைச்சலுக்குள் பதிவாகியிருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

முன்கண்ணாடி இதனோடு சேரும்போது நிலைமை மேலும் சிக்கலாகிறது. அதன் மேல் விளிம்பிலிருந்து பிரியும் கலங்கிய காற்று நேராக ஹெல்மெட்டின் மீது மோதினால், கண்ணாடியே இல்லாத வண்டியைவிட இரைச்சல் மிகுதியாகும். கண்ணாடி தாழ்ந்திருந்து கலங்காத காற்று தலையில் படவேண்டும். அல்லது கலங்கிய காற்று தலைக்கு மேலே போய்விடும் அளவுக்கு உயர்ந்திருக்கவேண்டும். இடைப்பட்ட உயரமே மிக மோசமானது. எனவே புதிய ஹெல்மெட்டுக்குப் பணம் செலவிடுமுன் கண்ணாடியின் உயரத்தை மாற்றிப் பார்ப்பதும், கழுத்தையும் முகவாயையும் ஒட்டிய இடைவெளியைத் துணியால் அடைப்பதும் நல்லது. நல்ல ஹெல்மெட் உயர்ந்த சுருதிகளை ஓரளவு தடுக்கும். காற்றிரைச்சலின் வலிமை குவிந்திருக்கும் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஏறக்குறைய எதையும் தடுப்பதில்லை. ஹெல்மெட்டுகளுக்கான தரச்சான்றுகள் அடிதாங்கும் திறனைக் கண்டிப்பாகச் சோதிக்கின்றனவே தவிர, இரைச்சலுக்கு வரம்பு விதிப்பதில்லை. இது திருத்தப்படவேண்டிய குறை என்பது என் உறுதியான கருத்து.

வேகத்தின் பங்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. ஹெல்மெட் ஓட்டின் மீது காற்று செலுத்தும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், அதிலிருந்து வரும் ஒலியாற்றல் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. திடப் பரப்புகளிலிருந்து சுழல்கள் பரப்பும் ஒலியோ, 1955இல் கர்ல் என்ற ஆய்வாளர் காட்டியபடி, ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. ஆகவே 120இலிருந்து 100க்கு இறங்கினால் ஒலியாற்றல் பாதிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வந்து நிற்கும். 80 கிலோமீட்டர் பயணம் 40 நிமிடத்துக்குப் பதில் 48 நிமிடம் எடுக்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், காது வாங்கும் மொத்தச் சுமை ஏறத்தாழப் பாதியாகும். இங்கே வேகம் என்பது காற்றோடு ஒப்பிட்ட வேகம் என்பதை மறக்கக்கூடாது. டர்பன் கடற்கரையில் வடகிழக்குக் காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் நாளில், N2 சாலையில் வடகிழக்கே ஸ்டாங்கரை நோக்கி 120இல் செல்பவரின் காதுக்கு அது 150. ஒலியாற்றல் இரண்டரை முதல் ஏறத்தாழ நான்கு மடங்கு வரை உயர்ந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு விதிகள் தொழிலிடங்களில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்ற வரம்பை வைத்தன. 3 டெசிபல் ஏறினால் ஒலியாற்றல் இருமடங்காகும் என்பதால், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரத்தைப் பாதியாக்கினால், 100 டெசிபலுக்கு 15 நிமிடமே மிஞ்சும். நம் வாசகர் ஒருவழிப் பயணத்திலேயே இந்த வரம்பைக் கடந்துவிடுகிறார். தொழிற்சாலை ஊழியருக்குச் செவிப் பரிசோதனை உண்டு. நாள் முழுவதும் உணவுப் பொட்டலம் சுமந்து ஓட்டும் இளைஞரின் காதை யாரும் சோதிப்பதில்லை. செவிப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கான பணத்தில் ஒரு சிறு பங்கேனும் அவர்களுக்காகச் செலவிடப்படவேண்டும்.

ஆகவே வாசகருக்கு என் முதல் பரிந்துரை, சில ரேண்டுக்குக் கிடைக்கும் நுரைப்பஞ்சுக் காதடைப்பான். ஹாரனும் ஆம்புலன்ஸ் ஒலியும் கேட்காமல் போய்விடுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். உட்செவியில் உள்ள நத்தைச்சுருளின் நுழைவாயிலருகே உயர்ந்த சுருதிகளும், அதன் கடைக்கோடியில் தாழ்ந்த சுருதிகளும் உணரப்படுகின்றன. தாழ்ந்த ஒலியின் அலை கடைக்கோடியை அடைய உயர்ந்த சுருதிகளின் இடத்தைக் கடந்தே செல்லவேண்டும். அது வலுவாக இருந்தால் போகும் வழியெல்லாம் கலக்கிவிடும். இந்த அலையைக் கண்டறிந்த பெக்கேசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. காற்றிரைச்சல் ஹாரனை மறைப்பதும் இவ்வாறே. அடைப்பான் இரண்டையும் சேர்த்தே குறைத்தாலும், கலக்கல் தணிவதால் ஹாரன் பெரும்பாலும் தெளிவாகவே கேட்கும்.

அடைப்பானை மெல்லிய குச்சியாக உருட்டி, எதிர்க்கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்கவேண்டும். பாதி வெளியே துருத்தியிருந்தால் தாழ்ந்த சுருதிகள் கசிந்துவிடும். காதில் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் விடுவதால் ரீங்காரம் தீராது. நத்தைச்சுருளில் ஒலியை உணரும் மயிரணுக்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. "காது பழகிவிட்டது" என்று சொல்பவர் கேட்கும் திறனை இழக்கத் தொடங்கியிருக்கக்கூடும். ரீங்காரம் மறுநாள் காலையிலும் நீடித்தால் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். இரைச்சலால் ஏற்பட்ட சேதம் என்றால், வரைபடத்தில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் ஒரு பள்ளம் தெரியும்.