இஞ்சிச் சாறு இதய அடைப்பைக் கரைக்குமா?

"டாக்டர், ஹார்ட்ல அடைப்புன்னு சொல்லிட்டாங்க. இஞ்சி, பூண்டு எல்லாம் போட்டுக் காய்ச்சிக் குடிச்சா கரைஞ்சிடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நீங்க சித்த மருத்துவர்தானே, குடிக்கலாமா?"

இந்தக் கேள்வி வராத வாரம் என் கிளினிக்கில் அநேகமாக இல்லை. கேட்பவர்களில் பெரும்பாலோர் 'தாராளமாகக் குடியுங்கள்' என்ற பதிலை எதிர்பார்த்தே வருகிறார்கள். ஒரு சித்த மருத்துவர் போய் இஞ்சி வேண்டாம் என்பாரா என்ற நம்பிக்கை. அதனாலேயே இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தச் செய்முறையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர், எல்லாம் ஒவ்வொரு கப். நான்கு கப் மூன்றாகச் சுண்டும்வரை காய்ச்சி, ஆறியதும் மூன்று கப் தேன் கலக்க வேண்டும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி. பைபாஸே தேவையில்லை என்ற உறுதிமொழியோடு பல வருடங்களாகச் சுற்றி வருகிறது.

சென்ற ஆண்டு ஒருவர் நெஞ்செரிச்சலுக்கு மருந்து கேட்டு வந்தார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். கூடவே மனைவி. என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் அந்த அம்மா பையைத் திறந்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் பழுப்பு நிறக் கலவையை எடுத்து மேசைமேல் வைத்தார். அடியில் ஒரு விரல் அளவுக்கு வெள்ளையாக மண்டி. "வேறு மாத்திரை ஏதும் உண்டா?" என்றேன். சற்றுத் தயங்கிவிட்டு இரண்டு அட்டைகளை எடுத்தார். ஒன்று ஆஸ்பிரின், மற்றொன்று குளோபிடோக்ரெல். இரண்டுமே ரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுப்பவை. அட்டைகளில் ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் அவருக்கு ஸ்டென்ட், அதாவது அடைப்பு இருந்த ரத்தக்குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய், வைத்திருக்கிறார்கள். "அதான் இந்த மருந்து குடிக்கிறாரே, ரெண்டும் எதுக்குன்னு நிறுத்திட்டோம்" என்றார் அந்த அம்மா.

நெஞ்செரிச்சலை அப்படியே விட்டுவிட்டு, அவருடைய இதய மருத்துவருக்கு உடனே போன் செய்து, அன்றே அங்கே அனுப்பி வைத்தேன். ஸ்டென்ட் வைத்தவர் இந்த மாத்திரைகளைத் தானாக நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடுத்த மாரடைப்பு வரலாம். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது.

அடைப்பு என்றதும் நம் மனதில் வருவது சமையலறைத் தொட்டிக் குழாயில் பிடித்த எண்ணெய்ப் பிசுக்கு. காரமாக, புளிப்பாக எதையாவது ஊற்றினால் கரைந்து ஓடிவிடும் என்று தோன்றுகிறது. இதயத் தமனியில் நடப்பது அதுவல்ல. கொழுப்பு படிவது குழாயின் உட்புறச் சுவருக்குள். பல ஆண்டுகளாக அங்கே அழற்சி நடந்து, நார்த்திசு வளர்ந்து, சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து இறுகிப்போகிறது. நீங்கள் குடிக்கும் சாறு இரைப்பைக்கும் குடலுக்கும் போகிறதே தவிர, தமனிக்குள் சாறாகப் போய் எதையும் கழுவுவதில்லை.

ஆனாலும் "குடிச்சதிலிருந்து நெஞ்சு லேசா இருக்கு" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இஞ்சி செரிமானத்தைத் தூண்டும், ஏப்பத்தை வெளியேற்றும், மேல் வயிற்று உப்புசத்தைக் குறைக்கும். வயிறு லேசானால் நெஞ்சும் லேசானதாகத் தெரியும். வயிற்றில் கிடைத்த அந்த நிம்மதியை இதயத்துக்குக் கிடைத்த குணமாக எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது. இன்னொன்று, பூண்டு, எலுமிச்சை, வினிகர் மூன்றும் சேர்ந்து வெறும் வயிற்றில் இறங்கினால் புண் உள்ள இரைப்பை தாங்காது. பல்லின் எனாமலும் தேயும். கலவையில் பாதி தேன் என்பதைச் சர்க்கரை நோயாளிகள் கவனிப்பதே இல்லை.

இவ்வளவு சொல்வதால் நான் இஞ்சியை மட்டம் தட்டுவதாக நினைத்துவிடாதீர்கள். தினமும் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் சுக்கு இல்லாதவை குறைவு. நிலவேம்புக் குடிநீரில் சுக்கு உண்டு, கபசுரக் குடிநீரில் உண்டு, திரிகடுகத்தில் மிளகு, திப்பிலியோடு முதலில் நிற்பதும் அதுதான். பயணக் குமட்டல், கர்ப்பகால மசக்கை, பசி மந்தம், சளியோடு வரும் தொண்டைக் கரகரப்பு இவற்றுக்கெல்லாம் நான் நம்பிக் கொடுக்கும் பொருள். மசக்கைக்கு நவீன ஆய்வுகளும் இதை ஆதரிக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் பயன்படுத்திய அளவு நாளுக்கு சுமார் 1 கிராம் சுக்குத்தூள். ஒரு கப் சாறு அல்ல.

அளவு என்பதில்தான் நம் முன்னோர்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்று வியப்பேன். பச்சை இஞ்சியையும் சுக்கையும் அவர்கள் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. இஞ்சியில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். காயும்போது தண்ணீர் மட்டும் போவதில்லை, இஞ்சிக்குக் காரம் தரும் ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. ஷோகாலின் காரம் இன்னும் அதிகம். ஆகவே இஞ்சி ஒரு துண்டு என்றால் சுக்கும் அதே அளவு துண்டு என்று போட்டுவிடக் கூடாது. பெரியவர்களுக்கு நாளுக்கு 1 முதல் 2 கிராம் சுக்குத்தூள் போதும்.

வயநாட்டுப் பக்கம் இஞ்சித் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பச்சையாக விற்க ஆறாம் மாதத்திலேயே தோண்டிவிடுவார்கள். சுக்குக்கு எட்டு மாதத்துக்கு மேல் முற்றவிட்டு, தழை மஞ்சளாகிச் சாய்ந்த பிறகே எடுப்பார்கள். முற்றாத இஞ்சியில் நல்ல சுக்கு வராது. சுருங்கி, நிறுத்தால் கையில் கனமே இருக்காது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள். மணம் மூக்கில் ஏற வேண்டும், உள்ளே பூச்சித் துளை இருக்கக் கூடாது.

'இஞ்சிக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பார்கள். இஞ்சியானாலும் சுக்கானாலும் மேல்தோலைச் சீவிவிட்டே பயன்படுத்த வேண்டும். சுக்குக்குச் சுண்ணாம்பைத் தடவிக் காயவைத்து, கழுவி, தோல் சீவும் முறையும் உண்டு. இஞ்சிச் சாறு எடுத்தால் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். கலங்கலாக இருந்த சாறு மேலே தேன் நிறத்தில் தெளியும், அடியில் மாவு போல வெள்ளையாகப் படியும். தெளிவை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஒரு தேக்கரண்டி எடுத்து, தேனோ வெந்நீரோ சேர்த்துச் சாப்பிடலாம். அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் நான் பார்த்த மண்டியும் இதுதான். வாட்ஸ்அப் செய்முறையில் இதைத் தெளிய வைத்து நீக்கச் சொல்லும் ஒரு வரியும் இல்லை.

சிலர் கட்டாயம் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் மருந்தளவில் இஞ்சியோ பூண்டோ எடுத்தால் ரத்தக்கசிவு கூடுவதற்கு வாய்ப்புண்டு. சாம்பாரிலும் டீயிலும் போடும் இஞ்சியை இங்கே நான் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இஞ்சிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த வயதில் தேன் கூடவே கூடாது. பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். நெஞ்சு அடைக்கிறது, மேல் வயிறு பிசைகிறது, வியர்க்கிறது என்றால் நம் வீடுகளில் முதலில் வரும் சொல் 'வாயு'. உடனே இஞ்சியைத் தட்டிக் கஷாயம் வைக்கிறார்கள். குடித்துவிட்டு, படுத்துப் பார்த்து, விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். மாரடைப்பில் இதயத் தசை ஒவ்வொரு நிமிடமும் செத்துக்கொண்டிருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் கடுமையான வலியே இல்லாமல், வெறும் மூச்சு வாங்கலும் களைப்பும் செரியாமை போன்ற உணர்வுமாக மாரடைப்பு வருவதுண்டு. தாடைக்கோ, இடது கைக்கோ, முதுகுக்கோ வலி பரவினால் சந்தேகமே வேண்டாம், 108-ஐ அழையுங்கள். மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம், வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் செய்து, இதயத்தில் கோளாறு இல்லை, வெறும் வாயுதான் என்று அங்கே சொல்லிவிட்டால் என்னிடம் வாருங்கள். சுக்குக் கஷாயம் நானே எழுதித் தருகிறேன்.