சர்வர் படுத்தாலும் பால் ஓடும்: ஆலை கணினியின் பேக்கப் ரகசியம்

ஆலை இயந்திரங்களைத் திரையில் கண்காணித்து இயக்க உதவும் கணினிதான் ஸ்காடா சர்வர். அது நின்றால் ஆலையே நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நிற்காது. சேலம் பக்கம் ஒரு பால் பதப்படுத்தும் ஆலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 நொடி வைத்திருக்க வேண்டும். சூடு குறைந்தால் வால்வு திரும்பி, பாலை மறுபடியும் சூடேற்ற அனுப்பிவிடும். இதை முடிவு செய்வது பேனலுக்குள் இருக்கும் பி.எல்.சி. என்ற சின்னக் கட்டுப்பாட்டுக் கணினி. அது சர்வரைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

சர்வருக்கு வேறு வேலை. திரையில் காட்டும், அலாரம் அடிக்கும், ஆபரேட்டர் மாற்றும் அளவுகளை பி.எல்.சி.க்கு அனுப்பும், வெப்பநிலையை விடாமல் பதிந்து வைக்கும். அது போய்விட்டால் பால் ஓடும். ஆனால் சரியான சூட்டில்தான் ஓடியது என்று காட்ட அந்தப் பதிவு இருக்காது.

சரி, பேக்கப் எடுப்பது என்றால் அந்த ஃபோல்டரை பென் டிரைவில் காப்பி அடித்தால் போதாதா? திரைகள், டேக் பட்டியல் (சென்சார், வால்வு போன்றவற்றுக்கு வைத்த பெயர்களின் பட்டியல்) போன்றவற்றுக்கு ஓரளவு போதும். வெப்பநிலைப் பதிவுகள் சேரும் வரலாற்றுத் தரவுத்தளத்துக்கு நிச்சயம் போதாது. லீ பஜாரில் ஒரு கணக்குப்பிள்ளை பேரேடு எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்தால், பற்று ஒரு பக்கத்தில் இருக்கும், அதற்கான வரவு இன்னும் ஏறியிருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைக் காப்பி அடித்தாலும் இதே கதிதான்.

அதனால்தான் தரவுத்தளம் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு லாக் கோப்பில் எழுதிவிட்டு, பிறகுதான் உண்மையான கோப்பில் ஏற்றுகிறது. முறையான பேக்கப் இரண்டையும் சேர்த்து எடுக்கும். ரிஸ்டோர் செய்யும்போது, அதாவது பேக்கப்பிலிருந்து மீட்கும்போது, லாக்கை வரிசையாக ஓட்டி, முடிந்த மாற்றங்களை ஏற்றும். அரைகுறையாக நின்றவற்றைத் தள்ளிவிடும். ஆலையை ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல் பேக்கப் எடுக்க முடிவது இப்படித்தான்.

பலர் கோட்டை விடுவது பி.எல்.சி. நிரலில். சர்வர் பேக்கப்புக்குள் பெரும்பாலும் அது வராது, தனியாக எடுக்க வேண்டும். பழைய மாடல்கள் சிலவற்றில் நிரல் நினைவகத்தைக் காப்பாற்றுவது ஒரு சின்ன பேட்டரி. பேட்டரி தீர்ந்த நேரம் பார்த்து கரண்ட்டும் போனால் நிரலும் போய்விடும்.

நகலை எங்கே வைப்பது? 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நச்சுநிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. அதன் டொமைன் கன்ட்ரோலர்கள் (நெட்வொர்க்கில் யார் நுழையலாம் என்று தீர்மானிக்கும் சர்வர்கள்) ஒன்றின் தகவலை இன்னொன்று நகலெடுத்து வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இருந்தன. எல்லாமே நெட்வொர்க்கில் இருந்ததால் எல்லாமே அழிந்தன, கானாவில் இருந்த ஒன்றைத் தவிர. அங்கே அப்போது கரண்ட் கட்! அந்த ஒரு பெட்டியை வைத்துத்தான் மற்றவற்றை மீட்டார்கள். நம்மூர் மின்வெட்டைத் திட்டுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம். ஆக, ஒரு நகலாவது எந்தக் கேபிளிலும் மாட்டாமல் இருக்க வேண்டும், ஆலை வளாகத்துக்கு வெளியேயும் இருக்க வேண்டும். சேலத்து ஆலைக்கு ஏற்காட்டில் ஒரு கிளை இருந்தால், 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஒரு ஹார்ட் டிஸ்க்கை அங்கே வைப்பது நல்ல யோசனைதான்.

ரிஸ்டோர்தான் உண்மையான பரீட்சை. மென்பொருளின் பதிப்பு ஒத்துப்போக வேண்டும். கணினியின் பெயரோ ஐ.பி. முகவரியோ மாறினால் மற்ற திரைகள் சர்வரைக் கண்டுபிடிக்காமல் தவிக்கும். லைசென்ஸ் பழைய கணினியோடு கட்டப்பட்டிருந்தால் அதுவும் முரண்டு பிடிக்கும். முழு சர்வரையும் அப்படியே ஒரே நகலாக, அதாவது இமேஜாக, எடுத்து வைத்தால் முதல் இரண்டு தொல்லைகள் பெரிதும் குறையும். லைசென்ஸ் தொல்லை அப்போதும் தீராமல் போகலாம்.

எல்லாம் சரியாக வந்த பிறகும் ஒரு ஆபத்து உண்டு. பேக்கப் ஒரு மாதம் பழையது. நடுவில் டேங்க் கழுவும் நேரத்தை 20 நிமிடத்திலிருந்து 30 ஆக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீண்டு வந்த சர்வருக்கு 20தான் தெரியும். கழுவுவதற்கான அளவுகளைச் சேர்த்து வைத்த ரெசிபியை ஆபரேட்டர் தேர்ந்தெடுத்தால் அது 20-ஐ அனுப்பும், பி.எல்.சி.யும் மறுபேச்சில்லாமல் ஏற்கும். எந்த அலாரமும் அடிக்காது. அனுபவப்பட்டவர்கள் அதனால் சர்வரை முதலில் படிக்க மட்டும் விடுவார்கள். பி.எல்.சி.யில் இப்போது இருக்கும் அளவுகளை மேலே இழுத்து, பேக்கப்பில் இருப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்திய பிறகே எழுதும் அனுமதியைத் திறப்பார்கள்.