பின்பக்க ஷாக் எடையைத் தாங்குவதில்லை

பின்பகுதி தாழ்ந்துபோன பழைய மாருதி 800 ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுசென்றால், பின்பக்க ஷாக் அப்சார்பர்களை மாற்றிவிடலாம் என்ற யோசனைதான் பெரும்பாலும் முதலில் வரும். மாற்றிய பிறகும் வண்டி ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கும். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் செய்வதெல்லாம் அந்த ஸ்பிரிங்கின் அசைவை எதிர்ப்பது மட்டுமே. இந்த வேறுபாடு தெளிவாகிவிட்டால், எந்த ஷாக்கை வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

ஷாக்கின் உள்ளே எண்ணெய் நிரம்பிய உருளையில் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் நகர்கிறது. பிஸ்டனிலுள்ள சிறு துளைகளின் வழியாகவும் வால்வுகளின் வழியாகவும் எண்ணெய் நெருக்கியடித்துக்கொண்டு செல்ல வேண்டியிருப்பதால், அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி உருளையின் சுவர் வழியே காற்றில் கலக்கிறது. வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். வண்டி அசையாமல் நிற்கும்போது எண்ணெயின் எதிர்ப்பு சுழியம். சக்கரம் மேட்டில் ஏறும்போது எதிர்ப்பு மிகுந்தால் அடி நேராக உடற்கூட்டுக்குப் போய்விடும் என்பதால் அமுங்கும் திசையில் வால்வுகள் இலகுவாக விடப்படுகின்றன; அமுங்கிய ஸ்பிரிங் விரியும் திசையில்தான் எதிர்ப்பு பன்மடங்காக வைக்கப்படுகிறது.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரட்டைக் குழாய் வகை. பிஸ்டன் தண்டு உள்ளே நுழையும்போது இடம்பெயரும் எண்ணெய், அடிவால்வு வழியாக வெளிக்குழாய்க்குப் போகிறது. அங்கே எண்ணெய்க்கு மேலிருப்பது வெறும் காற்றாக இருந்தால், குண்டும் குழியுமான சாலையில் இரண்டும் கலந்து நுரைத்து, ஷாக் தற்காலிகமாகச் செயலிழக்கும். மூடியிருக்கும்வரை சோடா பாட்டிலில் குமிழி எழாதது போல, குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனை நிரப்பினால் நுரைப்பது வெகுவாகக் குறைகிறது. ஒற்றைக் குழாய் வகையில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் வாயுவையும் முற்றிலும் பிரித்துவைக்கிறது. வாயுவின் அழுத்தம் 20 முதல் 30 பார் வரை இருக்கும் (1 பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்). 11 மி.மீ. தடிமனுள்ள தண்டை 25 பார் அழுத்தம் ஏறத்தாழ 24 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் வெளியே தள்ளும். சுமார் 650 கிலோ எடையுள்ள ஒரு வண்டியின் பின்பகுதியைச் சற்றே தூக்கிக் காட்ட அது போதும். ஆனால் தளர்ந்த ஸ்பிரிங் தளர்ந்ததாகவேதான் இருக்கும். தவிர, ஒற்றைக் குழாயின் சுவரிலேயே பிஸ்டன் உரசி நகர்வதால், கல் தெறித்து ஒரு பள்ளம் விழுந்தாலே அது வீணாகிவிடும்.

இனி முக்கியமான கணக்கு. ஒருமுறைகூட ஊசலாடாமல் வண்டியை மிக விரைவாக நிலைக்குக் கொண்டுவரத் தேவையான தணிப்பை, அதாவது அசைவை அடக்கும் எதிர்ப்பை, 1 என்று கொண்டால், சொகுசுக்காக வடிவமைக்கப்பட்ட கார்களில் பொதுவாக 0.2 முதல் 0.4 வரையே வைக்கிறார்கள். இந்த விகிதம் ஷாக்கை மட்டும் சார்ந்ததன்று. ஸ்பிரிங்கின் விறைப்பையும் அதன் மேலுள்ள எடையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண்ணுக்கு எதிர்விகிதத்தில் அது மாறும். ஓட்டுநர் மட்டும் இருக்கையில் ஒரு பின்சக்கர ஸ்பிரிங்கின் மேல் 110 கிலோ இருப்பதாகவும், பின்னிருக்கையில் மூவரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறியபின் அது 220 கிலோ ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். காலி வண்டியில் 0.35 ஆக இருந்த தணிப்பு, நிறைந்த வண்டியில் 0.25 ஆகிவிடும். எஞ்சினின் எடை நிரந்தரமாக அமர்ந்திருக்கும் முன்பக்கத்தில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு கிடையாது. சிறிய காரின் பின்பக்க ஷாக்கைத் தேர்ந்தெடுப்பது கடினமாவது இதனால்தான். எப்போதாவது குடும்பத்தோடு ஊருக்குப் போவதற்காக விறைப்பான ஷாக்கை மாட்டினால், மற்ற நாள்களிலெல்லாம் காலியான பின்பகுதி ஒவ்வொரு சிறு மேட்டிலும் உதறும்; சீரற்ற சாலையில் டயரின் பிடியும் குறையும். விறைப்பானதே உறுதியானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. என் கருத்தில், தினசரி ஓட்டத்துக்கு வண்டியோடு வந்த மூலத் தயாரிப்பின் அளவுக்கு நிகரான, வாயு நிரப்பிய இரட்டைக் குழாய் ஷாக்கே பொருத்தமானது. எரிவாயுக் கலனை டிக்கியில் நிரந்தரமாகப் பொருத்திய வண்டிகள் மட்டும் விலக்கு. அங்கே முதலில் அந்த எடைக்குரிய ஸ்பிரிங்கைப் போட்டு, பிறகு அதற்கேற்ற ஷாக்கைத் தேட வேண்டும்.

மாருதி 800 என்ற பெயரை மட்டும் சொல்லி வாங்குவதும் சரியன்று. 1983-இல் வெளிவந்த முதல் மாதிரியின் பின்புறத்தில் பட்டை ஸ்பிரிங் இருந்தது; பிற்காலத்தவற்றில் சுருள் ஸ்பிரிங் வந்தது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே ஓரளவு தணிப்பைத் தரும். சுருளில் அந்த உதவி அநேகமாக இல்லாததால் முழுப் பொறுப்பும் ஷாக்கின் மேல் விழுகிறது. எனவே தயாரிப்பு ஆண்டையும் பாக எண்ணையும் ஒப்பிட வேண்டும். நீளமும் முக்கியம். முழுதும் அமுங்கிய நிலையில், தடுப்பு ரப்பர் வேலை செய்வதற்கு முன்பே ஷாக்கின் அடி தட்டிவிட்டால் வால்வு நொறுங்கும். விரிந்த நிலையில் குட்டையாக இருந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் தொங்கும்.

ஷாக்குகளை எப்போதும் இடதும் வலதுமாக ஜோடியாகவே மாற்ற வேண்டும். கிடையாக வைத்திருந்த புதிய இரட்டைக் குழாய் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை அழுத்தி இழுத்தால்தான் உள்குழாயில் புகுந்த காற்று வெளியேறும். ஷாக்கின் முனையிலுள்ள ரப்பர் வளையமான புஷ்ஷின் நடுவே செல்லும் போல்ட்டை, ஜாக்கியை இறக்கி வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகே முழுமையாக முறுக்க வேண்டும்; தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் எந்நேரமும் திருகியபடியே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.